இஞ்சு மரை

வாங்தி ஷெர்பாவின் வண்டி மேக்மாவுக்கும் சித்ரேவுக்கும் நடுவே கவிழ்ந்த அன்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது நான்தான். மானேபஞ்சாங்கில் லேண்ட் ரோவர்களுக்கு முறை போட்டு மேலே சந்தக்ஃபூ உச்சிக்கு அனுப்பும் கவுன்ட்டரில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த வண்டி எப்போது ஏறியது, யார் ஓட்டினார், எத்தனை பேர் போனார்கள் என்று எழுதி வைப்பேன். ஏதாவது அசம்பாவிதம் என்றால் டார்ஜிலிங்குக்குத் தெரிவிக்க வேண்டியதும் நான்தான். அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘ஓட்டுநர் தும்லிங்கில் மது அருந்தியிருந்தார்.’ அதில் பொய் எதுவும் கிடையாது. தும்லிங் விடுதிக்காரி போனில் அவளாகவே சொன்னாள், மழையில் நடுங்கிக்கொண்டு வந்தவருக்குத் தான்தான் ஒரு தொங்பா வைத்ததாக. புளிக்கவைத்த கேழ்வரகு போட்ட மூங்கில் குவளை ஒன்று, அதில் இரண்டு தடவை வெந்நீர் ஊற்றிக் குடித்திருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அது போதும்.

ஏனென்றால் வாங்தி குடியை விட்டவர். இரண்டு வருஷம் முன்பு மகள் தலையில் கை வைத்து மனைவி யாங்ஜியிடம் சத்தியம் செய்திருந்தார். அதற்கு முன்னால் அவர் குடித்த குடி ஊருக்கே தெரியும். ஆகையால் வண்டி கவிழ்ந்தது என்றதும் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

உள்ளே இருந்தது வாங்தியும் மேக்மா பள்ளி ஆசிரியர் ஒருவரும்தான். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது என்று வாங்தி சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார், நிற்கவில்லை. பள்ளத்தில் போவதற்குப் பதிலாக மலைப்பக்கம் மோதலாம் என்று திருப்பியிருக்கிறார். வண்டி மலைச்சரிவில் ஏறி அவர் பக்கமாகவே சாய்ந்தது. ஆசிரியருக்குக் கை ஒடிந்தது. வாங்தியின் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யாங்ஜி இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். தொங்பா விஷயம் காதுக்கு எட்டியதும் மகளைக் கூட்டிக்கொண்டு ரிம்பிக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கவிழ்ந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தவர் ரத்னபீர் யோன்சன். எங்கள் ஊரில் இருக்கும் நாற்பது வண்டியும் அவர் கைதான். வெள்ளைக்காரன் விட்டுப்போன வண்டிகள், எங்கள் அப்பாக்களைவிட வயதானவை. எந்த உறுப்பையும் கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்றைய ஜீப் சாமான்களை வைத்து ஒப்பேற்ற வேண்டும். ரத்னபீர் அதில் கெட்டிக்காரர். அதிகம் பேசமாட்டார். என்னைத் தங்கை முறையில் ‘பைனி’ என்பார், நான் அண்ணன் முறையில் ‘தாஜு’ என்பேன். அவர் பட்டறை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. மூடுபனி இல்லாத நாளில் அவர் ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதும்கூட எனக்குத் தெரியும்.

அவர் பிரேக் பைப் செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சுருளிலிருந்து பைப்பை அளந்து வெட்டுவார். உள்விளிம்பில் இருக்கும் பிசிறைச் சுரண்டி எடுப்பார். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டுத்தான் முனையைப் பிடிகட்டையில் இறுக்கி, கூம்பு வடிவ இரும்பு ஒன்றை வைத்து முறுக்கி வாயை விரிப்பார். ஒரு தடவை மடித்து, அந்த மடிப்பை மறுபடி உள்ளே மடிக்க வேண்டும். நட்டைக் கோக்க மறந்துவிட்டால் அந்த முனையை வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வேலை கற்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அப்படி மாட்டியிருக்கிறார்கள். டிரைவர்கள் அதை வைத்து மாதக்கணக்கில் கேலி செய்வார்கள்.

விபத்துக்கு முந்தைய வாரம், சீசன் தொடங்கும் நேரம். வாங்தியுடையது உட்பட நான்கு வண்டிகளின் பின்னச்சில் இருக்கும் டீ, அதாவது T எழுத்து வடிவ இணைப்பு, துருப்பிடித்துப் போயிருந்தது. முன்னாலிருந்து வரும் ஒரு பைப்பு அங்கேதான் இரண்டாகப் பிரிந்து இரண்டு சக்கரத்துக்கும் போகிறது. பழைய டீ கிடைக்காததால் சிலிகுரியிலிருந்து இன்றைய ஜீப்புகளின் டீ நான்கை வரவழைத்தார். அதன் மரை எம்.எம். அளவு. எங்கள் வண்டிகளில் மற்றதெல்லாம் இஞ்சு மரை. ஆகையால் ஒவ்வொரு பைப்பின் ஒரு முனைக்கு இஞ்சு நட்டு, மறுமுனைக்கு எம்.எம். நட்டு. டீ ஒன்றுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு எம்.எம். நட்டு வேண்டும். பொட்டலத்தில் பத்துதான் இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் பார்த்ததெல்லாம் பட்டறை வாசலில் நான்கு வண்டிகள் வரிசையில் நின்றதும், டிரைவர்கள் அவரை அவசரப்படுத்தியதும்தான். நானும் அவசரப்படுத்தினேன். கல்கத்தாவிலிருந்து வந்த கூட்டம் என் ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் எத்தனை நேரம் தாஜு என்று இரண்டு தடவை சத்தம் போட்டுக் கேட்டேன்.

விபத்துக்குப் பிறகு ரத்னபீரிடம் ஏதோ மாறிவிட்டது. வாங்தியின் வண்டி பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அந்தப் பக்கம் அவர் போவதே இல்லை. அந்த நான்கு வண்டிகளில் ஒன்றை மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட்டு, டீயை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அந்த டிரைவர் முணுமுணுத்தார். நட்டைக் கழற்றினால் எண்ணெய் போகும், காற்று புகும், மறுபடி ஒருவர் பெடலை மிதிக்க ஒருவர் கீழே படுத்து ஏர் எடுக்க வேண்டும், அரைநாள் முறை போய்விடும். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். இன்னொரு வண்டி ரிம்பிக் பக்கம் போயிருந்தது, வரவில்லை. நான்காவது ஹர்க்கா ராயுடையது.

ஹர்க்காவிடம் ரத்னபீர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஹர்க்காவுக்கு வாய் நீளம்.

“எதுக்கு தாஜு? வண்டி நல்லாத்தானே நிக்குது. குடிச்சது வாங்தி, பிரிக்கிறது என் வண்டியவா?”

ரத்னபீர் அதற்குமேல் கேட்கவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போனார். ஹர்க்கா அந்த வாரம் மூன்று தடவை சந்தக்ஃபூவுக்கு ஏறி இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அவர் கீழே வந்து சேரும்வரை ரத்னபீர் பட்டறை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையாவது எதிர்பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் ரிம்பிக் போன வண்டி வந்தது. வந்ததுமே அதன் கீழே புகுந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கையெல்லாம் எண்ணெயோடு ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

“பைனி, ஹர்க்கா எங்க?”

ஹர்க்கா முந்தின நாள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனவர், காலையில் சந்தக்ஃபூவிலிருந்து கிளம்பியிருப்பார், வழியில் காலிபோக்ரியில் டீ குடிக்க நிற்பார் என்றேன். போனைப் போடச் சொன்னார். காலிபோக்ரி விடுதியில் நல்லவேளையாக சிக்னல் இருந்தது. ஹர்க்காவே வந்து பேசினார். ஜன்னலில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கரகரவென்று கேட்டதால் நான் போனைச் சத்தமாக வைத்தேன்.

ரத்னபீர், வண்டியை அங்கேயே நிறுத்து, நான் வருகிறேன் என்றார். ஹர்க்கா சிரித்தார். மேலே வந்து வண்டியைப் பிரிக்கும் அளவுக்கு என்ன ஆசை என்று கேட்டார். பயணிகளுக்கு மத்தியானம் ரயில் இருக்கிறது, தான் கிளம்பப் போவதாகச் சொன்னார்.

“கிளம்பாத ஹர்க்கா.”

“காரணத்தைச் சொல்லுங்க. சும்மா நில்லுன்னா நான் என்ன கழுதையா?”

ரத்னபீர் ஜன்னலில் நின்றவர்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துக் குனிந்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“வாங்தி வண்டி பிரேக் போனது என்னால. டீயில தப்பான நட்டு போட்டுட்டேன். இஞ்சு நட்டு. மரை உருவிக்கிட்டு வந்திருச்சு. அப்படி ரெண்டு போட்டேன். இன்னொண்ணு உன் வண்டியிலதான் இருக்கணும். மத்த ரெண்டு வண்டியையும் பாத்துட்டேன்.”

“இந்த வாரம் நான் மூணு ட்ரிப் அடிச்சேன்,” என்றார் ஹர்க்கா.

“தெரியும்.”

“தெரிஞ்சா விட்டீங்க?”

ஹர்க்கா போனை வைத்துவிட்டார். பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றார் என்று பிறகு விடுதியிலிருந்து தகவல் வந்தது.

ஜன்னலில் நின்றவர்களில் ஒருவர் தன் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அவர் வண்டிக்கு டீ மாற்றவே இல்லை என்றாலும். ரத்னபீரை மேலே அழைத்துப் போக முதலில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் அன்று காலையில் பார்த்த வண்டிக்காரரே ஏறிக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் ரத்னபீர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். வண்டியை இழுத்து வந்த அன்றே கழற்றியது என்றார். தொங்கிக்கொண்டிருந்த பைப்பின் நுனியில் அது இருந்ததாம். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முதல் நான்கைந்து சுற்று மரை மழுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் நூல் மாதிரி இரும்பு உரிந்து நின்றது. போடும்போதே தெரிந்ததா என்று கேட்டேன்.

“கொஞ்சம் லூசா ஆடுச்சு. புது டீ, மரை வழவழன்னு இருக்குன்னு நினைச்சேன். இறுக்கினா பிடிச்சுது. மிதிச்சுப் பாத்தா பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “தெரிஞ்சுது பைனி. கைக்குத் தெரிஞ்சுது,” என்றார்.

இஞ்சு நட்டு எம்.எம். துளைக்கு ஒரு நூலிழைதான் சிறிசு. உள்ளே போகும், இறுகும், ஏமாற்றும். மட்டமான ரோட்டில் பல மாதம்கூட ஓடும். இறக்கத்தில் பாரத்தோடு ஓங்கி மிதிக்கிற அன்றைக்குத்தான் கையை விரிக்கும். ஒரே குழாய்தான் எல்லாச் சக்கரத்துக்கும். ஓரிடத்தில் விட்டால் நான்கிலும் போச்சு.

காலிபோக்ரியில் மழை தூறிக்கொண்டிருந்தது என்றார்கள். ரத்னபீர் சேற்றில் படுத்து ஹர்க்கா வண்டியின் மூன்று நட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றும் சரியான நட்டு. மூன்றும் எம்.எம். அவர் நம்பாமல் கையோடு கொண்டுபோயிருந்த இஞ்சு நட்டு ஒன்றோடு வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். ஹர்க்கா குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாராம். முடிந்ததும் ஏர் எடுக்க அவரே ஏறிப் பெடலை மிதித்திருக்கிறார்.

மாலையில் ரத்னபீர் நேராகப் பட்டறைக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயை விலக்கினார். நானும் போனேன். வாங்தி வண்டியின் டீயில் மீதி இரண்டு நட்டு அப்படியே இருந்தது. முதலாவது சரியானது. இரண்டாவதைக் கையாலேயே ஆட்ட முடிந்தது. கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு தப்பான நட்டும் ஒரே வண்டியில், ஒரே டீயில் இருந்திருக்கிறது.

அப்போது அவர் சொன்னதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

“அன்னிக்கே இதையும் கழட்டிப் பாத்திருந்தா, ரெண்டும் இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். மத்த வண்டியப் பத்திப் பயமே இருந்திருக்காது.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நான் வாயே திறந்திருக்க மாட்டேன் பைனி. வாங்தி குடிச்சாருன்னே இருந்திருக்கும்.”

என் கடிதம் அலுவலகத்துக்குப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் வாங்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். தனியாகப் போகத் தெம்பில்லை, நீயும் வா என்று அவர்தான் கேட்டார். வாங்தி கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தார். ஊரிலிருந்து முந்தின நாளே யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். ஆகையால் ரத்னபீர் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க தாஜு. பெடல் முதல்லயே போயிருச்சா? இல்ல நான் லேட்டா மிதிச்சேனா?”

“முதல்லயே போயிருச்சு. நீ எப்ப மிதிச்சிருந்தாலும் நின்னிருக்காது.”

வாங்தி கூரையைப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“பத்து நாளா அந்த வளைவையேதான் ஓட்டிட்டிருக்கேன். கண்ண மூடினா அதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னால மிதிச்சுப் பாக்கிறேன். நான் குடிச்சதாலதான்னு நானே நம்பிட்டேன். அந்த வாத்தியார் கைய ஒடிச்சவன் நான்னு.” பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார், “நீங்க அத பாக்கெட்லயே வெச்சிருந்தீங்க.”

ரத்னபீர் தலை குனிந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. வாங்தியும் அதை எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. கிளம்பும்போது வாங்தி ஒன்று கேட்டார்: ரிம்பிக்குக்குப் போய் யாங்ஜியிடம் நீங்களே சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

போனோம். யாங்ஜி வாசலில் கீரையை உப்புப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து முக்காலி போட்டாள், உப்பு டீ கொண்டுவந்து வைத்தாள், ரத்னபீர் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டாள். நட்டு, மரை, டீ என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் கேட்டாள்:

“பிரேக் போனது உங்க நட்டால. சரி. அவரு தொங்பா குடிச்சது எந்த நட்டால தாஜு?”

அவள் குரலில் கோபம்கூட இருக்கவில்லை, களைப்புதான் இருந்தது. மகளின் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தது ஒரு குவளைக்கு மட்டும் விலக்கா என்று கேட்டாள். நாங்கள் எழுந்து வரும்போது, கால் எப்படி இருக்கிறது, ஊன்ற முடிகிறதா என்று என்னிடம் மட்டும் விசாரித்தாள். மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பினாள். வாங்தியோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் ரத்னபீரோடு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

டிரைவர்கள் கூடிப் பேசினார்கள். சிலர் பட்டறையை மூடச் சொன்னார்கள். நாற்பது கிழ வண்டிகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்பது சொன்னவர்களுக்கே தெரியும். எஞ்சின், கிளட்ச், ஸ்பிரிங் எல்லாம் ரத்னபீர் பார்க்கலாம், பிரேக்கில் மட்டும் கை வைக்கக் கூடாது, அதற்குப் பக்கத்து ஊர் சுக்கியாவிலிருந்து ஆள் வரட்டும் என்று முடிவானது. ரத்னபீர் கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். பிடிகட்டையையும் கூம்பையும் அன்றே துணியில் சுற்றி சுக்கியா மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். ஹர்க்கா மட்டும் கூட்டத்தில் எதுவும் பேசவில்லை. வாய் ஓயாத மனிதர் அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

நான் இன்னொரு கடிதம் எழுதினேன். பிரேக் இணைப்பில் தவறான நட்டு பொருத்தப்பட்டதால் விபத்து நேர்ந்தது, ஓட்டுநர் மீது தவறில்லை என்று. எழுதிவிட்டு, அனுப்பும் முன்பு வாங்தியிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, ‘தவறில்லை’ என்பதை எடுத்துவிடு தீதி என்றார்; அவருக்கு நான் அக்கா முறை. வேறென்ன எழுத என்றேன். ‘ஓட்டுநரால் நிறுத்தியிருக்க முடியாது’ என்று எழுது, அது போதும் என்றார். அப்படியே மாற்றி அனுப்பினேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், ரோடு பனியில் மூடியிருந்தபோது, ரத்னபீர் வாங்தியின் வண்டியைச் சரிசெய்தார். நசுங்கிய தகட்டைத் தட்டி எடுத்தார், அச்சை நிமிர்த்தினார், கதவை வேறொரு வண்டியிலிருந்து கொண்டுவந்து பூட்டினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாங்தி ஊன்றுகோலோடு சில நாள் வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பார். இருவரும் பேசிக்கொள்வது அரிது. பேசினால் ஸ்பிரிங்கைப் பற்றியும் கதவைப் பற்றியும் இருக்கும். பிரேக் வேலைக்கு நாள் வந்ததும் சுக்கியா மெக்கானிக் வந்தார். அன்று மட்டும் ரத்னபீர் பட்டறைக்கு வரவே இல்லை.

மார்ச்சில் வண்டி மறுபடி என் பட்டியலில் ஏறியது. ஓட்டியது ஹர்க்காவின் தம்பி. முதல் நாள் ஐந்து பேரை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், ரத்னபீர் என் கவுன்ட்டருக்குள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன தாஜு என்றேன். ஒன்றுமில்லை என்றார். டீ கொடுத்தேன், ஆறிப்போக விட்டார். மூன்று மணிக்குக் காலிபோக்ரியிலிருந்து போன் வந்தது, வண்டி தாண்டிப் போய்விட்டது என்று. தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

“மேல போறது பெரிசில்ல பைனி,” என்றார். “நாளைக்கு இறங்கணுமே.”

மறுநாளும் வந்து உட்கார்ந்தார்.